விமானப் பயணமும் சுவாசிக்கும் காற்றும்

மும்பை மாநகரின் கிழக்குக் கரையை ஒட்டியுள்ள செம்பூர், டிராம்பே பகுதிகள் நமது நாட்டின் தொழில் வளர்ச்சி வரலாற்றில் தனி இடம் பெற்றவை. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அங்கு இயங்கத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து அனல் மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. வேலை வாய்ப்புப் பெருகியது. அதனுடன் நாற்றமும் புகையும் பெருகின. செம்பூருக்கு ‘கேஸ் சேம்பர்’ என்று நகர மக்கள் பட்டப் பெயர் சூட்டினர். ஆனால் பட்டப் பெயரை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க இயலாது. ஆலைகளுக்கு அருகிலுள்ள மாகுல், அம்பாபாடா கிராமங்களில் கே.இ.எம். மருத்துவமனை 2013-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. சற்றேறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அடிக்கடி மூச்சுத் திணறலுக்கு ஆளாவதாக அதில் தெரியவந்தது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் காற்றில் அளக்கப்பட்டன. இச்சான்றுகளின் துணையுடன் வழக்கு நடந்து, 2020 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நான்கு நிறுவனங்கள் மொத்தம் 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. நாற்றம் பற்றிய புகார் எண்களாக மாறிய பிறகே அரசு இயந்திரம் அசைந்தது என்பது இதில் கவனிக்கத் தக்கது.

செம்பூரிலிருந்தும், தமிழர் பெருந்தொகையாக வாழும் மாட்டுங்கா, தாராவி பகுதிகளிலிருந்தும் சில கிலோமீட்டர் தொலைவிலேயே சாந்தாகுரூஸ் விமான நிலையம் அமைந்துள்ளது. திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு காலத்தில் ரயிலில் நாள் கணக்கில் பயணம் செய்த தாராவிக் குடும்பங்களில் இன்று மதுரைக்கு விமானத்தில் செல்வோரும் உண்டு. அவர்கள் விமானத்தில் ஏறி அமர்ந்து கதவு மூடப்பட்டதும், தெருக் காற்றுக்கு இருக்கும் பாதுகாப்பு ஒன்றை இழக்கிறார்கள். செம்பூர்த் தெருவில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது. அதன் அளவுகளை எவரும் பார்க்கலாம். விமான அறையினுள் அத்தகைய கருவி பெரும்பாலும் இல்லை. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, அதில் என்ன கலக்கக்கூடும், கலந்தால் உடலுக்கு நேரும் கேடு யாது, அதை நாம் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோம் என்பவற்றை இங்கு பரிசீலிப்போம்.

எஞ்சின் வழியே வரும் காற்று

2018 செப்டம்பர் 20-ஆம் நாள் காலையில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று 166 பயணிகளுடன் புறப்பட்டது. மேலே ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் பயணிகளுக்குக் காது வலியும் தலைவலியும் கண்டன. சுமார் 30 பேருக்கு மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இரத்தம் கசிந்தது. பிராணவாயு முகமூடிகள் மேலிருந்து தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பியது. எஞ்சினிலிருந்து பயணிகள் அறைக்குக் காற்றைச் செலுத்தும் சுவிட்சை விமானிகள் இயக்கத் தவறியதே காரணம் என விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தெரிவித்தது. அன்று நிகழ்ந்தது காற்று மாசு அன்று, காற்றழுத்தக் குறைவு. ஆயினும் சாதாரணப் பயணி அறியாத ஓர் உண்மையை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. விமானத்தைத் தள்ளிச் செல்லும் எஞ்சின்தான் பயணிகள் சுவாசிக்கும் காற்றையும் தருகிறது.

35,000 அடி உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 54 டிகிரி சென்டிகிரேடு. அங்கு மனிதன் ஒரு நிமிடத்துக்குள் நினைவிழப்பான். ஆகவே பயணிகள் அறையைக் காற்றடைத்த ஒரு கலமாக அமைத்து, 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச அளவில் பின்பற்றப்படும் வடிவமைப்பு விதி. உதகமண்டலத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தில் அமர்ந்திருப்பதற்கு இது சமம்.

இதற்கு வேண்டிய அழுத்தக் காற்றுக்குக் கையருகே உள்ள ஊற்று ஜெட் எஞ்சினே. எஞ்சினின் முன்பகுதியில் சுழலும் அழுத்திகள் வெளிக் காற்றை உறிஞ்சிப் பன்மடங்கு அழுத்துகின்றன. எரிபொருள் கலந்து எரியும் இடத்துக்குச் செல்லும் முன்பே அக்காற்றில் ஒரு பகுதி குழாய் வழியே வடித்தெடுக்கப்படுகிறது. இதைத் தொழிலில் ‘பிளீட் ஏர்’ என்பர். அழுத்தப்படுவதால் 200 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும் இக்காற்று, குளிரூட்டும் பொறிகளில் ஆற்றப்பட்டு அறைக்குள் வருகிறது. விமானம் தரையில் நிற்கும்போது வால் பகுதியிலுள்ள சிறிய துணை எஞ்சின் இதே பணியைச் செய்கிறது.

ஜெட் யுகத்தின் தொடக்கத்தில் ஏற்பாடு சற்று வேறாக இருந்தது. 1960-இல் ஏர் இந்தியா வாங்கிய போயிங் 707 வகையில் பயணிகள் அறைக்கெனத் தனி அழுத்திகள் இருந்தன. எடையும் பராமரிப்புச் செலவும் குறையும் என்பதால் பின்னர் வந்த விமானங்களில் எஞ்சினிலிருந்து நேரடியாகக் காற்றை எடுக்கும் முறை பொதுவாயிற்று. போயிங் 787 ஒன்றே இதற்குப் பெரிய விலக்கு. 2011-இல் சேவைக்கு வந்த அந்த விமானம் மின்சாரத்தால் இயங்கும் தனி அழுத்திகளைக் கொண்டு வெளிக் காற்றை நேரே உள்ளிழுக்கிறது. அரை நூற்றாண்டு கழித்துப் பழைய கருத்துக்கே வடிவமைப்பாளர்கள் திரும்பினர் எனலாம். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் எரிபொருள் சிக்கனமேயன்றிப் பயணிகளின் ஆரோக்கியம் அன்று.

அறைக்குள் வரும் மொத்தக் காற்றில் ஏறத்தாழப் பாதி புதியது. மீதி அறையிலிருந்தே எடுத்து வடிகட்டி மீண்டும் செலுத்தப்படுவது. மறுசுழற்சிக் காற்றுக்கு ‘ஹெப்பா’ என்னும் நுண் வடிகட்டி உண்டு. நோய்க் கிருமிகளையும் தூசியையும் அது மிகத் திறமையாகத் தடுக்கிறது. கோவிட் தொற்றின்போது விமான நிறுவனங்கள் இதைப் பெரிதும் விளம்பரப்படுத்தின. அது தவறும் அன்று. ஆனால் இரண்டு செய்திகள் விளம்பரத்தில் இடம்பெறவில்லை. ஹெப்பா வடிகட்டி துகள்களைப் பிடிக்கும். வாயுக்களையும் ஆவிகளையும் பிடிக்காது. எஞ்சினிலிருந்து வரும் புதிய காற்றோ பெரும்பாலான விமானங்களில் எந்த வடிகட்டியும் இன்றி நேரே வருகிறது.

எண்ணெய் நுழையும் வழி

எஞ்சினின் சுழல் அச்சு தாங்குருளைகளின் மேல் ஓடுகிறது. அவற்றுக்கு இடைவிடாமல் மசகெண்ணெய் பாய வேண்டும். எண்ணெய் உள்ள அறைக்கும் காற்று செல்லும் பாதைக்கும் இடையே அணையாக நிற்பவை ‘சீல்’ எனப்படும் அடைப்புகள். வேகமாகச் சுழலும் அச்சை இறுகப் பிடித்து அடைத்தால் அது தேய்ந்துவிடும். ஆகவே நூலிழை அளவு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் காற்றழுத்தத்தைக் கொண்டே எண்ணெயை உள்ளே தள்ளி வைக்கிறார்கள். எஞ்சின் சீராக ஓடும்போது இந்த ஏற்பாடு செவ்வனே வேலை செய்கிறது. எஞ்சினைத் தொடக்கும்போதும், மேலே ஏறி இறங்கும் கட்டங்களில் விசையைக் கூட்டிக் குறைக்கும்போதும் அழுத்தம் சற்றே மாறுகிறது. அச்சமயங்களில் மிகச் சிறு அளவு எண்ணெய் காற்றுப் பாதைக்குள் கசியக்கூடும். சீல் தேய்ந்திருந்தாலோ, எண்ணெய்த் தொட்டியை அளவுக்கு மீறி நிரப்பியிருந்தாலோ கசிவு அதிகமாகும். ஹைட்ராலிக் திரவமும், முன்னால் நிற்கும் விமானத்தின் புகையும்கூட இவ்வழியே நுழைவதுண்டு.

சூடான உலோகத்தின் மேல் பட்ட எண்ணெய் ஆவியாகிறது, ஓரளவு சிதைகிறது. அழுக்குக் காலுறையின் வாடை, நனைந்த நாயின் வாடை என்றெல்லாம் விமானச் சிப்பந்திகள் அந்த மணத்தை விவரிக்கிறார்கள். சில வேளைகளில் நீல நிறப் புகை மூட்டமும் தோன்றும்.

நம் நாட்டில் இதற்கு ஓர் ஐயமற்ற உதாரணம் உண்டு. 2022 அக்டோபர் 12-ஆம் நாள் இரவு கோவாவிலிருந்து ஹைதராபாத் சென்ற ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் க்யூ-400 விமானத்தில் புகை சூழ்ந்தது. 86 பயணிகளுடன் அது அவசரமாகத் தரையிறக்கப்பட்டது. சோதனையில் எஞ்சினின் காற்று வடிப்பு வால்வில் எண்ணெய் காணப்பட்டது. அந்த எண்ணெய் குளிரூட்டும் அமைப்பில் புகுந்ததே புகைக்குக் காரணம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கூறியது. அந்நிறுவனத்தின் அவ்வகை விமானங்கள் அனைத்தின் எஞ்சின் எண்ணெய் மாதிரிகளையும் 15 நாளுக்கு ஒரு முறை கனடாவிலுள்ள எஞ்சின் தயாரிப்பாளருக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் எனவும், உலோகத் துகள், சீலின் கரித்துகள் ஆகியவை எண்ணெயில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும் எனவும் அது ஆணையிட்டது. எஞ்சினின் நலனைக் காக்கும் வகையில் இது மிகச் சரியான நடவடிக்கை. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் உடலில் என்ன சேர்ந்தது என்பதைக் கண்டறிய இதற்கு இணையான ஏற்பாடு எதுவும் நமது விதிகளில் இல்லை.

பம்பாய் முன்பே அறிந்த விஷம்

விமான எஞ்சின் எண்ணெய் நாம் வாகனங்களில் ஊற்றும் சாதாரண எண்ணெய் அன்று. அது செயற்கை எஸ்டர் வகையைச் சேர்ந்தது. உலோகத் தேய்மானத்தைக் குறைக்க அதில் டிரைகிரெஸில் பாஸ்பேட் என்னும் சேர்மத்தைச் சுமார் 3 சதவிகிதம் வரை கலப்பது வழக்கம். இச்சேர்மத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் ‘ஆர்த்தோ’ வடிவம் நரம்புகளைத் தாக்கும் கொடிய விஷம். உட்கொண்ட ஓரிரு வாரங்களுக்குப் பிறகு கால்கள் மரத்து, பாதம் தொங்கி, நடக்க இயலாமல் போகும். கைகளும் பாதிக்கப்படலாம். இதை மருத்துவ உலகம் அறிந்துகொண்டது விமானங்களிலிருந்து அன்று, சமையலறையிலிருந்தும் மதுக்குப்பியிலிருந்தும்தான்.

1930-இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில் இஞ்சிச் சாற்று மதுவில் இச்சேர்மத்தைக் கலந்து விற்றதால் பல்லாயிரம் பேர் முடமாயினர். 1959-இல் மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் பகுதியில் ஜெட் எஞ்சின் எண்ணெயையே சமையல் எண்ணெயுடன் கலந்து விற்றனர். சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டனர். நமது பம்பாயும் விலக்கன்று. ஆர்த்தோ கிரெஸில் பாஸ்பேட்டினால் பம்பாயில் ஏற்பட்ட நரம்பு வாதம் பற்றி இந்நகர மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 1962-ஆம் ஆண்டில் ஒரு பிரிட்டிஷ் நரம்பியல் சஞ்சிகையில் வெளியாயிற்று. புகழ்பெற்ற நரம்பு நோய்க்குறியியல் அறிஞர் தாராப் தஸ்தூர் அதை எழுதியவர்களுள் ஒருவர். 1988-இல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் கலப்பட எண்ணெயால் சுமார் 600 பேர் வாதத்துக்கு உள்ளாயினர்.

தமிழர்கள் மறக்கக்கூடாத நிகழ்ச்சி இலங்கையில் நடந்தது. 1977-78-இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்களுக்குத் திடீரெனக் கால்கள் செயலிழந்தன. நோயுற்றவர்கள் அனைவரும் பருவமெய்திய சிறுமியர் என்பதே மருத்துவர்களுக்குக் கிடைத்த துப்பு. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுக்கும் நமது வழக்கத்தைப் பின்பற்றி அவர்களுக்கு மட்டும் தனியாக நல்லெண்ணெய் தரப்பட்டிருந்தது. அந்த எண்ணெயில் டிரைகிரெஸில் பாஸ்பேட் இருந்தது. கனிம எண்ணெய் ஏற்றிய கலங்களிலேயே நல்லெண்ணெயையும் கொண்டு சென்றதால் கலப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. டாக்டர் சேனநாயக்காவும் டாக்டர் ஜெயரத்தினமும் 1981-இல் இதை ‘லான்செட்’ இதழில் விவரித்தனர். விசாரித்து, அளந்து, பதிவு செய்ததால்தான் அச்சிறுமியரின் நோய்க்குக் காரணம் தெரிந்தது. இல்லையேல் அது விதியின் மேலோ பேயின் மேலோ போடப்பட்டிருக்கும்.

அளவே விஷத்தைத் தீர்மானிக்கிறது

மேற்கண்ட வரலாற்றைப் படித்த மாணவர் ஒருவர், விமானத்தில் செல்வோரெல்லாம் முடமாவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. மெக்னெஸ்ஸிலும் மலையகத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் அந்த விஷத்தை உணவாக உட்கொண்டனர். விமானக் காற்றில் காணப்படுவதோ, காணப்படும்போது, கன மீட்டருக்கு மைக்ரோகிராம் அளவிலும் அதற்கும் கீழும்தான். மேலும், இன்றைய எண்ணெய்களில் ஆர்த்தோ வடிவம் மிகச் சொற்ப அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டது. இவ்விரு உண்மைகளையும் மறைத்து எழுதுவோர் பயணிகளைப் பீதிக்கு உள்ளாக்குகிறார்கள்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆர்த்தோ வடிவம் ஒன்று மட்டுமே தீங்கானது என்ற முடிவு வாய்வழியே உண்டவர்களைக் கண்டு செய்யப்பட்டது. நுரையீரல் வழியே புகும் ஆவியின் பாதை வேறு. மேலும் எண்ணெய் சூட்டில் சிதையும்போது டிரைகிரெஸில் பாஸ்பேட் மட்டுமா வெளிவருகிறது? கரியமோனாக்சைடு, கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஆல்டிஹைடுகள், மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் ஆகிய அனைத்தும் கலவையாக வருகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தாலும், குறைந்த அழுத்தமுள்ள உலர்ந்த காற்றில் அவை கூட்டாக என்ன செய்யும் என்பதற்கு அந்த அளவுகள் வகுக்கப்படவில்லை.

உடனடி விளைவுகளைப் பற்றி அதிகச் சர்ச்சை இல்லை. கண் எரிச்சல், இருமல், தலைவலி, தலைச் சுற்றல், குமட்டல், சிந்தனைத் தடுமாற்றம் ஆகியவை பல நாடுகளில் பதிவாகியுள்ளன. விமானியின் சிந்தனை தடுமாறினால் அது அவருடைய நோய் மட்டுமன்று, விமானத்தின் பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும். சர்ச்சை முழுவதும் நீண்டகால விளைவுகளைப் பற்றியதே. பல ஆண்டு பறந்த பின் நினைவாற்றல் குறைவு, கை நடுக்கம், தீராத சோர்வு ஆகியவற்றுக்கு ஆளானதாகக் கூறும் சிப்பந்திகள் உள்ளனர். இந்த நிலைக்கு 1999-இல் ஆய்வாளர் சிலர் ‘ஏரோடாக்சிக் நோய்க்குறி’ என்று பெயரிட்டனர். மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக இன்னும் ஏற்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1992-இல் ஒரு விமானத்தில் எண்ணெய்ப் புகையைச் சுவாசித்த பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கு 2010-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்று அவருக்குச் சாதகமாக முடிந்தது. அங்கு ஏற்கப்பட்டது நுரையீரல் பாதிப்பே. பதினெட்டு ஆண்டுகள் ஒரு தொழிலாளி போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே அத்தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஆய்வுகளின் நிலை

இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 100 பயணங்களில் காற்றை அளந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்பு வரம்பை மீறிய மாசு எதையும் அது காணவில்லை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 69 பயணங்களில் அளக்கச் செய்து 2017-இல் வெளியிட்ட அறிக்கை, விமான அறையின் காற்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உள்ள காற்றுக்கு ஒப்பானது அல்லது அதைவிடச் சிறந்தது என்று கூறிற்று. விமான நிறுவனங்கள் இவ்விரு அறிக்கைகளையும் அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றன.

அவை நேர்மையான ஆய்வுகளே. ஆனால் அவை அளந்தது சாதாரண நாட்களின் காற்றை. கிரான்ஃபீல்டு ஆய்வின் 100 பயணங்களிலும் குறிப்பிடத்தக்க புகைக் கசிவு எதுவும் நேரவில்லை. எப்போதோ ஒரு முறை நேரும் நிகழ்ச்சியை நூறு பயணங்களில் தேடிக் காணாமல் போவது வியப்பன்று. பருவமழை இல்லாத நாட்களில் மித்தி ஆற்றை அளந்துவிட்டு வெள்ளமே வராது என்று சொல்வது போன்றது அது. 2005 ஜூலை 26-ஆம் நாளை மும்பைவாசிகள் மறக்கவில்லை.

எவ்வளவு அடிக்கடி இது நேர்கிறது? இங்கிலாந்து அரசின் நச்சுப்பொருள் குழு 2007-இல் இரண்டு கணக்குகளைத் தந்தது. விமானிகளின் புகார்களின்படி நூறு பயணங்களுக்கு ஒன்று. பராமரிப்புப் பொறியாளர்கள் சோதித்து உறுதி செய்தவற்றின்படி இரண்டாயிரம் பயணங்களுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையே இருபது மடங்கு வேறுபாடு! மும்பை விமான நிலையத்தில் நாளொன்றுக்குச் சுமார் 900 விமானங்கள் ஏறி இறங்குகின்றன. குறைந்த கணக்கை இங்கு பொருத்தினால்கூட வாரத்துக்கு மூன்று நிகழ்ச்சிகள் ஆகின்றன; கூடுதல் கணக்கின்படி நாளொன்றுக்கு ஒன்பது. இது மாணவர்களுக்கான கணக்குப் பயிற்சியே தவிர இந்திய நிலவரம் அன்று. விமான வகைகளும் பராமரிப்பும் வேறு. ஆனால் மூக்கைத் தவிர வேறு கருவி இல்லாதபோது கணக்கு எவ்வளவு தள்ளாடும் என்பதை இது காட்டுகிறது. சிறிது நேரத்தில் மூக்கும் வாடைக்குப் பழகிவிடுகிறது. கரியமோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது.

அமெரிக்க விதிகளின்படி அறைக் காற்றில் 20,000 பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் கரியமோனாக்சைடு இருத்தல் ஆகாது. ஓசோன் வாயுவுக்கும் வரம்பு உண்டு. வரம்பு விதித்தவர்கள், பறக்கும்போது அதை அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கவில்லை. அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டிலேயே தொடர் கண்காணிப்பைப் பரிந்துரைத்தது. வேகத் தடை உள்ள சாலையில் வேகமானி இல்லாத வண்டியை ஓட்டும் நிலைதான் இன்றளவும் நீடிக்கிறது.

சிப்பந்திகளின் நிலை

பயணிக்கு இது ஒரு மணி நேரத்துத் தொல்லை. விமானப் பணிப்பெண்ணுக்கும் விமானிக்கும் அதுவே தொழிற்கூடம். மாகுல் ஆலையில் பணிபுரியும் தொழிலாளிக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் வழியே நச்சுப் பொருள்களின் அளவு வரம்பும் மருத்துவச் சோதனையும் வந்து சேர்ந்தன. விமானத்தின் உள்ளே பணி செய்வோருக்குக் காற்றில் கலக்கும் எண்ணெய் ஆவி குறித்து அவ்வாறான தெளிவான ஏற்பாடு உருவாகவில்லை.

முகமூடி விஷயத்திலும் வேறுபாடு உண்டு. இதைப் பலர் அறியார். விமானி அணியும் முகமூடி நூறு சதவிகிதம் பிராணவாயு தரக்கூடியது; புகை வந்தால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளலாம். பயணிகளுக்கு மேலிருந்து தொங்கும் மஞ்சள் முகமூடி அழுத்தக் குறைவுக்காக அமைந்தது. அது பிராணவாயுவை அறைக் காற்றுடன் கலந்தே தருகிறது. ஆகவே காற்றில் புகை இருந்தால் அந்தப் புகையும் சேர்ந்தே உள்ளே போகும். பணிப்பெண்களுக்குத் தலையை மூடும் புகைக் கவசம் சில உண்டு. அவை தீயணைப்பதற்காக வைக்கப்பட்டவை. வாடை வீசுகிறது என்பதற்காக அதை அணிந்துகொண்டு பயணிகளிடையே நடமாடப் பணிப்பெண் தயங்குவார். பயணிகள் அஞ்சிவிடுவர் என்ற தயக்கம் அது.

செய்யக்கூடியவை

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் புகைக் கசிவு நிகழ்ச்சிகள் குறித்த பயிற்சிக்கும் அறிக்கை முறைக்கும் வழிகாட்டிச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. வாடையின் தன்மை, பயணத்தின் எந்தக் கட்டத்தில் வந்தது, எந்த எஞ்சின் இயங்கியது, யாருக்கு என்ன அறிகுறி என்பவற்றை ஒரே படிவத்தில் பதிய வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் கீழ் விதிகள் புதுப்பிக்கப்படும் காலத்தில் இப்படிவத்தைக் கட்டாயமாக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. புகை எழுந்து விமானம் திரும்பினால் அது செய்தியாகிறது, விசாரணையும் நடக்கிறது. வாடை வீசி, பத்து நிமிடத்தில் மறைந்து, விமானம் குறித்த நேரத்தில் இறங்கிவிட்டால் அது எங்கும் எழுதப்படாமல் போகிறது. எண்ணிக்கையில் அதிகமானவை இவ்விரண்டாம் வகையே.

கருவிகளைப் பொறுத்தவரை, கரியமோனாக்சைடை அளக்கும் சிறு கருவி இன்று சட்டைப் பையில் அடங்கும். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் அது சாதாரணப் புழக்கத்தில் உள்ளது. எண்ணெய் ஆவியைத் துல்லியமாகக் காட்டும் கருவி கடினமானது. விமானத்தின் அதிர்வையும் வெப்ப மாற்றத்தையும் தாங்கிப் பொய் எச்சரிக்கை தராமல் இயங்கும் ஒன்றை உருவாக்குவது நமது ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்ற பணி. மறுசுழற்சிப் பாதையில் கரிப்பொடி சேர்ந்த வடிகட்டியைப் பொருத்தினால் ஆவிகளையும் ஓரளவு உறிஞ்சலாம். பராமரிப்புக் கூடத்தில் எண்ணெய் ஊற்றும் தொழிலாளி அளவுக்கு மேல் ஊற்றாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவான தடுப்பு. இரவு நேரத்தில் அவசரமாக விமானத்தைத் திருப்பி அனுப்பும் நெருக்கடியில் அதுவே முதலில் தவறிப் போகிறது.

மருத்துவச் சோதனைக்குக் காலம் மிக முக்கியம். இரத்தத்தில் ஏறிய கரியமோனாக்சைடு, நல்ல காற்றைச் சுவாசிக்கும்போது நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. நள்ளிரவில் மும்பையில் இறங்கும் சிப்பந்தி, காலை பத்து மணிக்கு மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் நாலில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும். வழியில் பிராணவாயு கொடுத்திருந்தால் அதுவும் இராது. ஆகவே விமான நிலையத்தில் இரவு பகலாக இயங்கும் மருத்துவ அறையிலேயே, இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள், சிப்பந்தியின் ஒப்புதலுடன் இரத்த மாதிரி எடுத்து, நேரத்தைக் குறித்து, குளிர்பதனத்தில் வைக்கும் வழக்கத்தை மும்பையில் முதலில் தொடங்கலாம். அந்த விமானத்தின் எண்ணெய் மாதிரியும் அதே இரவில் எடுக்கப்பட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.